இடிபாடுகளிலிருந்து எழுந்த வீதிகள்: வார்சாவின் பழைய நகரில் ஒரு நடைப்பயணம்

ஐரோப்பியத் தலைநகரங்கள் பலவற்றில் ‘பழைய நகரம்’ என்றொரு பகுதி உண்டு. போலந்தின் தலைநகரான வார்சாவிலும் உண்டு. கருங்கல் பாவிய குறுகிய வீதிகள், தோளோடு தோள் உரசி நிற்கும் வண்ண வீடுகள், ஓடு வேய்ந்த செங்குத்தான கூரைகள், நகரைச் சுற்றிச் செங்கல் மதில் என அனைத்தும் பல நூற்றாண்டுத் தொன்மையைக் காட்டுகின்றன. ஆனால் இங்குள்ள வீடுகளில் பெரும்பாலானவை கட்டப்பட்டு எழுபது ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகின்றன. நம் குடும்பப் பெரியவர்கள் பலர் இவ்வீடுகளைவிட வயதில் மூத்தவர்கள்.

காரணம் 1944ஆம் ஆண்டு. நாஜி ஜெர்மனியின் ஆக்கிரமிப்பை எதிர்த்து அவ்வாண்டு ஆகஸ்ட் 1ஆம் நாள் வார்சா மக்கள் ஆயுதமேந்திக் கிளர்ந்தெழுந்தனர். 63 நாள்கள் நீடித்த அப்போர் தோல்வியில் முடிந்தது. எஞ்சிய நகரையும் ஜெர்மானியப் படையினர் தெருத்தெருவாகத் தீயிட்டும் வெடி வைத்தும் தகர்த்தனர். வரலாற்றுச் சிறப்புமிக்க மையப் பகுதியில் 85 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தது. 1945 ஜனவரியில் நகரம் விடுவிக்கப்பட்டபோது எஞ்சியிருந்தவை கற்குவியல்களும் சில மொட்டைச் சுவர்களுமே.

அக்குவியல்களிலிருந்து ஒரு நகரம் தன் பழைய உருவத்தையே எவ்வாறு மீட்டெடுத்தது? விடையைத் தேடி இவ்வீதிகளில் நடக்கலாம். கோட்டைச் சதுக்கத்திலிருந்து வடக்கு மதில் வாயில் வரை ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரம்தான். ஆனால் நின்று பார்த்து நடப்பவருக்கு அரைநாள் வேண்டும்.

கோட்டைச் சதுக்கம்

நடையைத் தொடங்கும் இடத்தில் உயர்ந்து நிற்பது மன்னர் மூன்றாம் சிகிஸ்முண்டின் தூண். போலந்தின் ஆட்சி மையத்தைக் கிராக்கோவிலிருந்து வார்சாவுக்கு மாற்றிய அம்மன்னருக்கு அவர் மகன் 1644இல் எழுப்பிய நினைவுச் சின்னம் அது. 1944 செப்டம்பரில் தூண் வீழ்ந்தது. உச்சியில் இருந்த வெண்கலச் சிலையோ சிறு சேதத்துடன் தப்பியது. 1949இல் புதிய தூண் நிறுத்தப்பட்டு அதே சிலை மீண்டும் ஏற்றப்பட்டது. உடைந்த பழைய தூண் துண்டுகளை அப்புறப்படுத்தாமல் கோட்டையின் ஓரத்தில் கிடத்தியிருக்கிறார்கள். அவற்றையும் பார்த்துவிட்டு நகருங்கள்.

சதுக்கத்தின் கிழக்கே அரச மாளிகை. 1939 செப்டம்பர் 17 அன்று குண்டுவீச்சில் இது தீப்பற்றியபோது கோபுரக் கடிகாரம் 11.15 மணியில் நின்றது. தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஸ்தானிஸ்வாவ் லோரென்ட்ஸும் அவருடைய குழுவினரும் உயிரைப் பொருட்படுத்தாமல் ஓவியங்களையும் கதவு, தரை, சுவர் அலங்காரத் துண்டுகளையும் வெளியே எடுத்து மறைத்து வைத்தனர். 1944இல் மாளிகை வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. கால் நூற்றாண்டுக்கு மேல் இவ்விடம் வெறுமையாகவே கிடந்தது. 1971இல்தான் மறுகட்டுமானத்துக்கு முடிவெடுக்கப்பட்டது. 1974 ஜூலை 19 அன்று, சரியாக 11.15 மணிக்குக் கடிகாரம் மீண்டும் ஓடத் தொடங்கியது. இன்றும் நாள்தோறும் அந்நேரத்தில் கோபுரத்திலிருந்து எக்காளம் ஒலிக்கிறது. அன்று மறைத்துவைத்த துண்டுகள் புதிய சுவர்களில் அவற்றுக்குரிய இடங்களில் பதிக்கப்பட்டுள்ளன.

ஓவியரும் மாணவர்களும்

மாளிகைக்குள் தவறாமல் காண வேண்டியது பெர்னார்டோ பெல்லோட்டோவின் ஓவியங்கள் உள்ள கூடம். இத்தாலியரான இவர் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மன்னர் ஸ்தானிஸ்வாவ் ஆகஸ்டின் அவை ஓவியராக இருந்தார். வார்சாவின் வீதிகளையும் மாளிகைகளையும் தேவாலயங்களையும் இருபதுக்கும் மேற்பட்ட பெரிய ஓவியங்களில் நுணுக்கமாகத் தீட்டினார். போர்க்காலத்தில் கொள்ளை போன இவை பின்னர் மீட்கப்பட்டன. மாளிகைக்குத் தெற்கே நீளும் அரச வீதியின் கட்டடங்களை மீண்டும் எழுப்பும்போது இவ்வோவியங்கள் வழிகாட்டிகளாக விளங்கின. தன் திறமையைக் காட்ட ஓவியர் சில இடங்களில் கைச்சரக்கைச் சேர்த்திருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பழைய நகரின் வீடுகளுக்கோ இன்னும் உறுதியான சான்று இருந்தது. போருக்கு முன்பே வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மாணவர்களும் ஆசிரியர்களும் பழைய கட்டடங்களை அளந்து வரைபடங்களாக்கியிருந்தனர். ஆக்கிரமிப்புக் காலத்திலும் இப்பணி மறைவாகத் தொடர்ந்தது. கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின்னர், எரியும் நகரிலிருந்து அவ்வரைபடங்கள் கடத்தி வரப்பட்டு வேறோர் ஊரின் மடாலயத்தில் ஒளித்து வைக்கப்பட்டன. வீடு போயிற்று, வீட்டின் ஆவணம் பிழைத்தது. போர் முடிந்ததும் அந்தத் தாள்களே அடித்தளமாயின.

தேவாலயச் சுவரும் உடைந்த மணியும்

சதுக்கத்திலிருந்து வடக்கே செல்லும் தெருவில் புனித யோவான் பேராலயம் இருக்கிறது. அதன் முகப்பு போருக்கு முன்பிருந்ததன் நகல் அன்று. 19ஆம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்ட அலங்கார முகப்பைக் கைவிட்டு, அதனினும் பழைமையான செங்கல் கோதிக் பாணியில் புதிதாக வடிவமைத்தார் கட்டடக்கலைஞர் யான் சக்வாடோவிச். பக்கச் சுவரில் துருப்பிடித்த இரும்புச் சங்கிலிப் பட்டை ஒன்று பதிந்திருக்கும். வெடிபொருள் சுமந்து வந்து இங்கு வெடித்த ஜெர்மானிய ஊர்தியின் எச்சம் அது.

பேராலயத்தின் பின்புறம் கனோனியா என்ற சிறிய முக்கோணச் சதுக்கம். நடுவே 17ஆம் நூற்றாண்டில் வார்த்த வெண்கல மணி, விரிசலோடு தரையில் நிற்கிறது. அதை மூன்று முறை சுற்றி வந்தால் நினைத்தது நடக்கும் என்பது உள்ளூர் நம்பிக்கை. கோயில் பிரகாரம் சுற்றிப் பழகிய நமக்கு இவ்வழக்கம் அந்நியமாகத் தோன்றாது.

சந்தைச் சதுக்கம்

சற்று வடக்கே நடந்தால் பழைய நகரின் இதயமான சந்தைச் சதுக்கம் விரிகிறது. நடுவில் வாளும் கேடயமும் ஏந்திய கடற்கன்னி. வார்சாவின் நகரச் சின்னமும் இவளே. 1855இல் கோன்ஸ்தாந்தி ஹெகெல் வடித்த மூலச் சிலை பாதுகாப்புக்காக அருங்காட்சியகத்தில் உள்ளது. வெளியே நிற்பது படி. சதுக்கத்தின் வடபுறத்தில் 11 பழைய வீடுகளை இணைத்து அமைந்த வார்சா அருங்காட்சியகத்தில் அழிவும் மீள்கட்டுமானமும் ஆவணங்களோடு விளக்கப்படுகின்றன.

1953 ஜூலையில் இச்சதுக்கம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. முகப்புகளில் காணும் ஓவிய வேலைப்பாடுகளில் பல 1950களின் கலைஞர்கள் புதிதாகச் செய்தவை. முன்பு வீடுகளின் பின்புறம் இருண்ட துணைக் கட்டடங்கள் நெருக்கியடித்து நின்றன. அவற்றை மீண்டும் கட்டாமல் காற்றோட்டமான முற்றங்களாக விட்டார்கள். முகப்பு பழையது, உள்ளே குளியலறையும் வெப்பமூட்டும் வசதியும் கொண்ட புதிய குடியிருப்பு. வேடிக்கை பார்ப்பதற்காக மட்டுமின்றி, மக்கள் குடியேறி வாழ்வதற்காகவே இவை கட்டப்பட்டன.

யார் செலவில்?

வங்கி வாடிக்கையாளருக்கு இயல்பாக எழும் கேள்வி இது. அரசின் நிதியோடு பொதுமக்களின் பணமும் சேர்ந்தது. தலைநகரை மீண்டும் கட்டுவதற்கெனத் தனி நிதியம் அமைக்கப்பட்டது. ‘சிறு செங்கல்’ என்று பெயரிட்ட நன்கொடைச் சீட்டுகள் நாடெங்கும் விற்கப்பட்டன. மனமுவந்து தந்தோரும் உண்டு. ஊதியத்தில் பிடித்தம் செய்யப்பட்டோரும் உண்டு. அரச மாளிகையின் மறுகட்டுமானத்துக்குப் போலந்து மக்களும் வெளிநாடுகளில் வாழ்ந்த போலந்தியரும் பணம் அனுப்பினர்.

இழப்பும் இருந்தது. 1945 அக்டோபரில் வந்த ஓர் அரசாணை வார்சாவின் நிலம் முழுவதையும் நகராட்சியின் உடைமையாக்கியது. திட்டமிட்டுக் கட்டுவதற்கு அது வழி திறந்தது; ஆனால் தலைமுறைகளாகச் சொத்து வைத்திருந்த குடும்பங்கள் அதை இழந்தன. பழைய நகரின் ஒவ்வொரு முகப்பையும் வியக்கும்போது இதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மதில் ஓரத்தில்

சந்தைச் சதுக்கத்துக்கு வடக்கே நகர மதிலும் பார்பிகன் எனப்படும் வட்ட வடிவக் காவல் அரணும் உள்ளன. 1548இல் எழுந்த அரண், 1952 முதல் 1954 வரையான காலத்தில் மீண்டும் கட்டப்பட்டது. அதற்கான பழைய செங்கற்கள் நிசா, விரோட்ஸ்வாஃப் ஆகிய ஊர்களில் இடிக்கப்பட்ட கட்டடங்களிலிருந்து கொண்டுவரப்பட்டன. ஒரு நகரின் மீட்சியில் வேறு நகரங்களின் இழப்பும் கலந்திருக்கிறது.

மதிலோரமாக நடந்தால் சிறுவன் ஒருவனின் சிலையைக் காணலாம். தலைக்குப் பொருந்தாத பெரிய இரும்புத் தொப்பி, கையில் துப்பாக்கி. கிளர்ச்சியில் பங்கேற்ற சிறார்களுக்காக 1983இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னம் அது. மலர்களோ விளக்குகளோ வைத்துச் செல்பவர்களைப் பார்க்க நேர்ந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

அரணைக் கடந்தால் ‘புதிய நகரம்’. பெயரில்தான் புதுமை; தோன்றியது 15ஆம் நூற்றாண்டை ஒட்டி. அங்கே ஃப்ரெட்டா தெருவில் 1867இல் மேரி கியூரி பிறந்த வீடு இப்போது அருங்காட்சியகம். தாம் கண்டறிந்த தனிமம் ஒன்றுக்குத் தாய்நாட்டின் நினைவாகப் பொலோனியம் என்று பெயரிட்டவர் அவர்.

நகலா, மூலமா?

அழிந்த கட்டடத்தை அப்படியே மறுபடி கட்டுவது பாதுகாப்பு வல்லுநர்கள் பொதுவாக ஏற்காத செயல். சக்வாடோவிச்சும் அதை அறிந்தவரே. ஆனால் ஓர் இனத்தின் நினைவை அழிக்கவென்றே நகரைத் தகர்த்திருக்கும்போது அவ்விதியைத் தளர்த்தியாக வேண்டும் என்று அவர் வாதிட்டார். யுனெஸ்கோவிலும் இது குறித்துத் தயக்கம் எழுந்தது. எனினும் 1980இல், முழுமைக்கு நெருங்கிய மறுகட்டுமானத்தின் தனிச்சிறப்பான சான்று என்ற வகையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. 2011இல் வார்சா மறுகட்டுமான அலுவலகத்தின் ஆவணத் தொகுப்பும் யுனெஸ்கோவின் ‘உலக நினைவு’ப் பதிவேட்டில் சேர்ந்தது. கட்டடங்களோடு அவற்றைக் காப்பாற்றிய தாள்களும் மதிப்புப் பெற்றன. நம் குடும்பத்தின் பத்திரங்களையும் புகைப்படங்களையும் பாதுகாப்பாக வைக்க இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

பயணிகளுக்குச் சில குறிப்புகள்

போலந்துக்குச் செல்ல ஷெங்கன் விசா தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அந்நாட்டின் நாணயம் யூரோ அன்று, ஸ்வாட்டி. புறப்படுமுன் உங்கள் அட்டையில் சர்வதேசப் பயன்பாட்டை இயக்கி, செலவு வரம்பையும் நிர்ணயித்துக்கொள்ளுங்கள். கடைகளில் ரூபாயில் செலுத்தலாமா என்று கருவி கேட்டால் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் இலாபம். பாவுகற்கள் சமமற்றவை; மெத்தென்ற, பிடிமானமுள்ள காலணிகள் அவசியம். முதியோருடன் செல்வோர் ஈரமான நாள்களில் கூடுதல் கவனம் கொள்க.

நேரமிருந்தால், பழைய நகருக்குத் தென்மேற்கே ஓச்சோட்டா பகுதியில் ‘நல்ல மகாராஜா’ பூங்காச் சதுக்கத்துக்கும் சென்று வாருங்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், வீடிழந்து வந்த நூற்றுக்கணக்கான போலந்துச் சிறார்களுக்குக் குஜராத்தின் ஜாம்நகர் அருகே பாலாசடியில் அடைக்கலம் தந்த நவாநகர் மன்னர் திக்விஜய்சிங்ஜியின் நினைவைப் போற்றும் இடம் அது. வார்சா தன் வீதிகளை மறக்காததைப் போலவே, இந்தியா செய்த உதவியையும் மறக்கவில்லை.