கோட்டை ரயில் நிலையத்தின் படிக்கட்டுக் கணக்கு

கொழும்புக்குப் படிக்கவோ வேலைக்கோ போகும் பிள்ளையை யாழ்ப்பாணத்தில் ரயிலேற்றிவிடும் பெற்றோர் மறக்காமல் சொல்வது, "கோட்டையில் கவனமாக இறங்கு" என்பதுதான். கோட்டைப் புகையிரத நிலையத்தின் நெரிசல் அந்தளவுக்குப் பேர்போனது. அது ஏன் உண்டாகிறது என்று கேட்டால், சனம் கூட, ரயில் குறைவு என்று சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மைதான்.

இலங்கை வரைபடத்தில் ரயில் பாதைகளைப் பாருங்கள். யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு, கண்டி, பதுளை ரயில்கள் எல்லாம் பொல்காவலையிலிருந்து கொழும்புவரை ஒரே வழியில்தான் வருகின்றன. றாகமையில் புத்தளம் பாதை அதனோடு சேருகிறது. மருதானையில் களனிவெளிப் பாதை சேருகிறது. தெற்கேயிருந்து கரையோரப் பாதை நேரே கோட்டைக்குள் வருகிறது. மருதானைக்கும் கோட்டைக்கும் இடைப்பட்ட அந்தச் சிறிய துண்டு ஒரு புனலின் வாய்போல. காலையில் அலுவலக ரயில் ஒன்று மேடையில் மூன்று நிமிடம் கூடுதலாக நின்றால், அதற்குப் பின்னால் வருவதெல்லாம் சமிக்ஞைக்காகக் காத்து நிற்க வேண்டும். யாழ்தேவிக்கும் அதில் விலக்கில்லை.

அந்த மூன்று நிமிடம் எங்கே போகிறது? பெரும்பாலும் கதவடியில். இறங்குபவர் இறங்கி முடிக்குமுன் ஏறுபவர் முண்டியடிக்கிறார். இரண்டு பேரும் ஒரே கதவில் சிக்குகிறார்கள். (1990 ஜூனில் நின்ற ரயில் 2014 ஒக்டோபர் 13 அன்றுதான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. 24 வருடம் ரயிலைக் காணாத ஊரார் நாம். ஆனாலும் கொழும்பில் நாள்தோறும் ரயிலில் போய்வருபவர்கள் இந்த விடயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் என்று சொல்வதற்கில்லை.)

கதவைத் தாண்டியவருக்கு அடுத்த தடை படிக்கட்டு. இதைக் கணக்காகவே செய்து பார்க்கலாம். இலண்டன் நிலக்கீழ் ரயில் நிலையங்களைத் திட்டமிடுபவர்கள் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்: எல்லோரும் ஒரே திசையில் போனால், ஒரு மீற்றர் அகலப் படிக்கட்டால் நிமிடத்துக்கு 35 பேர் போகலாம். இரு திசையிலும் போனால் 28 பேர்தான். அப்படியானால் இரண்டு மீற்றர் அகலமான படிக்கட்டில், ஒரு திசையென்றால் நிமிடத்துக்கு 70 பேர். ஒரு ரயிலிலிருந்து 1000 பேர் இறங்கினால் மேடை காலியாக 14 நிமிடத்துக்கு மேல் ஆகும். எதிரே ஆட்கள் வந்துகொண்டிருந்தால் இன்னும் கூடும். பத்தாவது நிமிடத்தில் அடுத்த ரயில் வந்தால்? முதல் ரயிலின் சனம் போகுமுன் இரண்டாவது ரயிலின் சனம் வந்து சேரும். படிக்கட்டு மாறாமல் ரயிலை மட்டும் கூட்டினால், மேடையில் நெரிசல் குறையாது, கூடும். படியைத் தாண்டினாலும் வாசலில் டிக்கெட்டைக் கையால் வாங்கும் இடத்தில் இன்னொரு தேக்கம். புறக்கோட்டை பஸ்ஸைப் பிடிக்க எல்லோரும் ஒல்கொட் மாவத்தைப் பக்கமாகவே போகப் பார்க்கிறார்கள்.

இது வெறும் வசதிக் குறைவு பற்றிய பேச்சல்ல. மும்பையில் எல்பின்ஸ்டன் ரோட் நிலையத்தைச் சுற்றி ஒரு காலத்தில் பஞ்சாலைகள் இருந்தன. ஆலைகள் மூடப்பட்டு அங்கே அலுவலகக் கட்டடங்கள் எழுந்தன. வந்துபோகும் சனம் பெருகியது; ஒடுங்கிய நடைபாலம் அப்படியே இருந்தது. 2017 செப்டெம்பர் 29 காலை, மழைக்கு ஒதுங்கியவர்கள் பாலத்திலும் படியிலும் நிற்க, பின்னால் வந்த ரயில்களின் சனமும் சேர்ந்து நெருக்கியதில் 23 பேர் இறந்தார்கள். பிறகு இராணுவத்தினர் வந்து புதுப் பாலம் கட்டினார்கள். 2018 பெப்ரவரியில் அது திறக்கப்பட்டது. சில மாதங்களில் கட்டி முடிக்கக்கூடிய பாலத்துக்காக 23 உயிர் போக வேண்டியிருந்தது.

கோட்டைக்கு என்ன செய்யலாம்? முதலில் செலவில்லாதவை. காலை அலுவலக நேரத்தில் ஒரு படிக்கட்டை இறங்குவதற்கும் இன்னொன்றை ஏறுவதற்கும் மட்டும் விடலாம். மாலையில் அரச அலுவலகங்கள் 4.15 இற்கு முடிகின்றன. எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து குவியாமல், அலுவலக நேரங்களை அரை மணித்தியாலம் முன்பின்னாக மாற்றலாம். பாடசாலைகள் 7.30 இற்கும் அலுவலகங்கள் 8.30 இற்கும் தொடங்குவதால் காலை நேரத்தில் ஓரளவு இந்த ஒழுங்கு ஏற்கெனவே இருக்கிறது.

அடுத்தது, ரயில் கோட்டையோடு முடியாமல் தொடர்ந்து போவது. வடக்கிலிருந்து வரும் சில அலுவலக ரயில்கள் இப்போதும் அப்படிப் பாணந்துறைப் பக்கம் போகின்றன. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி போகிறவர் பெட்டியிலேயே இருக்கலாம். ரயிலும் மேடையை அடைத்துக்கொண்டு நிற்காது. இதுபோன்ற ரயில்களைக் கூட்டுவதுதான் மலிவான வழி என்பது என் எண்ணம். மும்பையில் ரயில்களை 9 பெட்டியிலிருந்து 12 பெட்டிக்கும், பிறகு சில தடங்களில் 15 பெட்டிக்கும் நீட்டினார்கள். அதற்கு மேடைகளையும் நீட்ட வேண்டியிருந்தது. மின்சார ரயில் வேகமாக எடுபடும் என்பதால் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கி ஓட்டலாம். இலங்கையில் அது பல காலமாகப் பேச்சளவிலேயே இருக்கிறது. நம் ரயில்கள் இன்னும் டீசலில்தான் ஓடுகின்றன.

பெண்களுக்கு நெரிசல் என்பது மூச்சு முட்டுவது மட்டுமல்ல. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் இலங்கையில் நடத்தி 2017 இல் வெளியிட்ட ஆய்வில், பஸ்ஸிலோ ரயிலிலோ பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் நூற்றுக்கு 90 பேர். பொலிஸின் உதவியை நாடியவர்கள் 4 வீதம்தான். தொந்தரவு செய்பவனுக்கு மறைவிடம் அந்த நெரிசலே. மும்பையில் 1992 இலேயே முழு ரயிலையும் பெண்களுக்கென ஓட்டத் தொடங்கினார்கள். இங்கே அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் பெண்களுக்கென ஒரு பெட்டியை ஒதுக்கலாம். ஆனால் அது முன்னுக்கு நிற்குமா பின்னுக்கு நிற்குமா என்று தெரியாமல், ரயில் வந்த பிறகு சனத்துக்குள் தேடி ஓட வேண்டியிருந்தால் பயனில்லை. டோக்கியோவில் பெண்கள் பெட்டி வந்து நிற்கும் இடத்தை மேடைத் தரையிலேயே இளஞ்சிவப்பு நிறத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். கோட்டையில் அதைச் செய்ய ஒரு வாளி வர்ணமும், அந்தப் பெட்டியை நாள்தோறும் அதே இடத்தில் நிறுத்தும் ஓர் ஒழுங்கும் போதும்.