கண்டல் காடும் இளங்காவலரும்

பாகான் செராய் நகருக்கு மேற்கே, நெல்வயல்களைக் கடந்து சென்றால் கோலா கூலா என்னும் மீனவர் கிராமத்தை அடையலாம். 'கூலா' என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சர்க்கரை என்று பொருள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கிரியான் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களில் தமிழர் பலர் ஒப்பந்தக் கூலிகளாய் உழைத்தனர். பின்னர்க் கரும்பு மறைந்தது. கரையோரத்துக் கண்டல் காடோ இன்றும் நிற்கின்றது.

இக்காடு, சுமார் 40,000 ஹெக்டர் பரப்புள்ள மாத்தாங் கண்டல் வனத்தின் வடபகுதியாகும். 1902ஆம் ஆண்டு முதல் திட்டமிட்டுப் பேணப்பட்டு வரும் வனம் இது. 30 ஆண்டுச் சுழற்சியில் மரங்களைப் பகுதி பகுதியாக வெட்டிக் கரி சுடுகின்றனர். வெட்டிய இடத்தில் மீண்டும் காடு வளரச் செய்கின்றனர். பயன்கொள்ளுதலும் பாதுகாத்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இது சான்று.

கண்டலின் வேர்கள் அலையின் வேகத்தைத் தணிக்கின்றன. வண்டலைப் பிடித்து நிறுத்துகின்றன. அவ்வேர்களிடையே இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் வளர்கின்றன. ஆகவே, காடு அழிந்தால் மீனவர் வலையும் வெறுமையாகும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, தமிழகத்தின் கடலூர்க் கரையில் மரச்செறிவுக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைந்திருந்ததை ஆய்வாளர் கண்டனர்.

அதன்பின் கோலா கூலா மக்கள், 'கண்டல் காட்டு நண்பர்கள்' எனப் பொருள்படும் மலாய்ப் பெயரில் ஒரு சங்கம் கண்டனர். நாற்றுப் பண்ணை வைத்துக் கன்றுகளை வளர்த்து நட்டனர். உலகச் சுற்றுச்சூழல் மையம் என்னும் அமைப்பு அவர்களுக்குத் துணை நின்றது.

இளைஞருக்கு இங்கே கற்பிக்க வேண்டுவது யாது? கன்று நடுவது ஒரு நாள் வேலை. எவ்விடத்தில் எம்மரம் பிழைக்கும் என்பதை அதற்கு முன்பே அறிதல் வேண்டும். கடலை நோக்கிய புதுச்சேற்றில் மூச்சுவேர் விடும் அலையாத்தி நிற்கும்; முட்டுவேர் ஊன்றும் பாக்காவ் அதற்கு உட்புறத்தில் செழிக்கும். இடமறியாது நட்ட கன்றை அலை பெயர்த்துவிடும். ஓடுடைய சிற்றுயிர்கள் ஒட்டி நலிவிக்கும். ஆகவே, நட்டவற்றை மாதந்தோறும் எண்ணி, மடிந்தவை எத்தனை, ஏன் மடிந்தன என்று குறித்து வைக்கும் பழக்கமே தலைமைக்கு முதற்பாடம். மூத்த மீனவரிடம் நீரின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டறிவது இரண்டாம் பாடம்.

விழாவில் கன்று நடுவோர் பலர். மறு ஆண்டு வந்து பார்ப்போர் சிலர். 15 வயதில் ஒருவர் நட்ட பாக்காவ் கன்று வெட்டும் பருவம் எய்தும்போது அவருக்கு வயது 45. அதுவரை அதைக் காக்க ஊரை ஒன்றுசேர்த்து நிறுத்த வல்லவரே தலைவர். ரப்பர் தோட்டங்கள் குறைந்துவிட்ட இந்நாளில், தோட்டத்துப் பள்ளிகளில் பயிலும் நம் சிறுவரும் அச்சேற்றில் இறங்கி இப்பாடத்தைக் கற்றல் நன்று.