பூமிக்கடியில் கூரையைத் தாங்கும் இரும்புக் கால்கள்

மந்தைவெளியில் நம் கால்களுக்குக் கீழே மெட்ரோ சுரங்கப்பாதை அமைகிறது. "இவ்வளவு மண்ணையும் எது தாங்குகிறது?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். மெட்ரோவில் இயந்திரம் தோண்டத் தோண்டப் பின்னாலேயே கான்கிரீட் வளையங்களைப் பொருத்துகிறார்கள். அவை நிரந்தரமாகத் தாங்கும்.

நிலக்கரிச் சுரங்கத்தில் நிலைமை வேறு. கரியை வெட்டி எடுத்தபடி முன்னேற வேண்டும். தாங்கும் பொருளும் கூடவே நகர வேண்டும். முன்பு மரமுட்டுகளையே நம்பினார்கள். நாம் வீடு கட்டும்போது கூரைக்குச் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுப்பதைப் போன்றதுதான். ஆனால் பாரம் மிஞ்சினால் மரம் திடீரென முறியும்.

1978-ல் ஜாரியா நிலக்கரி வயலின் மூனிடி சுரங்கத்தில் ஹைட்ராலிக் தாங்கிகள் பயன்பாட்டுக்கு வந்தன. தெலங்கானாவில் சிங்கரேணி நிறுவனத்தின் அட்ரியாலா சுரங்கத்திலும் இவை வரிசையாக நிற்கின்றன.

இவை வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். மேலே இரும்புத் தகடு, கீழே அடித்தளம், நடுவே உருளைக் கால்கள். கால்களுக்குள் சிறிதளவு எண்ணெய் கலந்த தண்ணீரை பம்ப் மூலம் அழுத்திச் செலுத்துவார்கள். திரவம் எளிதில் சுருங்காது. எனவே தகடு எழுந்து கூரையை இறுக்கிப் பிடிக்கும். 30 செ.மீ. விட்டமுள்ள ஒரு கால், சதுர செ.மீ.க்கு 400 கிலோ அழுத்தத்தில் சுமார் 280 டன் தாங்கும்.

பாறை மேலும் அழுத்தினால்? அளவு மீறியதும் ஒரு வால்வு திறந்து, கொஞ்சம் திரவத்தை வெளியே விடும். கால் சற்றே தாழும். ஆனால் தாங்குவதை நிறுத்தாது. மரம் முறிகிற இடத்தில் இது வளைந்துகொடுக்கிறது. தொழிலாளி உயிர் பிழைப்பது அந்தச் சில அங்குலத்தில்தான்.

கரி வெட்டியதும் தாங்கிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, முன்னே நகர்ந்து, மீண்டும் கூரையைப் பிடிக்கும். பின்னால் விட்ட கூரை இடிந்து விழும். அப்படி விழுவதே நல்லது. விழாமல் பெரும் பாறையாகத் தொங்கினால் அதன் பாரமெல்லாம் தாங்கிகள் மேல் சாயும். சத்தீஸ்கரின் சர்ச்சா சுரங்கத்தில் 1990-ல் அதுதான் நடந்தது. மேலே இருந்த கெட்டியான தீப்பாறை அடுக்கு எளிதில் உடையவில்லை. திடீரென இறங்கிய பாரத்தில் தாங்கிகள் நசுங்கின. வால்வு திரவத்தை வெளியேற்றும் வேகத்தைவிடப் பாறை வேகமாக இறங்கினால் எந்த இயந்திரமும் தாங்காது.

ஆகவே தாங்கியின் வலிமையைக் கணக்கிட்டால் மட்டும் போதாது. மேலே உள்ள பாறையின் குணத்தை முதலில் அறிய வேண்டும். அழுத்தமானிகளையும் வால்வுகளையும் தவறாமல் பார்த்துவர வேண்டும். நம் வீட்டு விளக்குக்கான மின்சாரத்தின் பின்னே, அந்தக் கூரைக்கடியில் நிற்கும் மனிதர்களின் உயிர் இருக்கிறது.