படத்தோடு விற்பனையாகும் சொற்கள்

இன்னாருக்கு என்று குறியாமல் எடுத்த புகைப்படங்களை, வேண்டுவோர் எவராயினும் கட்டணம் செலுத்தி உபயோகித்துக்கொள்ளட்டும் என்று ஒரு முகவர் ஸ்தாபனத்தின் வழியே உலகச் சந்தையில் வைக்கும் தொழிலுக்கு ஸ்டாக் போட்டோகிராபி என்று பெயர். ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக், கெட்டி இமேஜஸ், அலமி முதலிய ஸ்தாபனங்களின் வாசல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருப்பதால், நம் சிற்றூர்களில் ஸ்டுடியோ வைத்திருப்பவர்களும், கல்லூரியில் படித்துக்கொண்டே காமிரா பழகுபவர்களும் இன்று இதில் தயக்கமின்றி இறங்குகிறார்கள். லென்ஸைப் பற்றியும் வெளிச்சத்தைப் பற்றியும் இவர்கள் காட்டும் சிரத்தையில் கால் பங்கைக்கூட, படத்தோடு எழுதியனுப்பும் சொற்களிலும், கையெழுத்து வாங்க வேண்டிய காகிதங்களிலும், 'சம்மதிக்கிறேன்' என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிடும் ஷரத்துகளிலும் காட்டுவதில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் இத்தொழிலில் வரும் வழக்குகளும் நஷ்டங்களும் பெரும்பாலும் இந்த மூன்றிலிருந்துதான் முளைக்கின்றன.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவித்துக்கொள்ள வேண்டும். ஸ்டாக் விற்பனையில் படத்தின் பாத்தியதை கைமாறுவதில்லை. உபயோகிக்கும் உரிமம் மட்டுமே வழங்கப்படுகிறது. 'ராயல்டி ஃப்ரீ' என்று எழுதியிருப்பதைக் கண்டு இலவசம் என்று எண்ணுவோர் வாங்குபவர்களிலும் உண்டு, விற்பவர்களிலும் உண்டு. ஒருமுறை கட்டணம் செலுத்தியவர், ஒப்பந்தத்துக்கு உட்பட்டு, ஒவ்வொரு உபயோகத்துக்கும் தனித்தனியே பணம் கட்டாமல் பலமுறை பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதற்கு மேல் அதில் வேறு அர்த்தம் இல்லை.

வாங்குபவர் கடலளவு படங்களுக்கிடையே ஒன்றைக் கண்டெடுப்பது, படத்தோடு எழுதியனுப்பும் சொற்களான கீவேர்டுகளைக் கொண்டுதான். அடோபி ஸ்டாக் ஒரு படத்துக்கு 49 சொற்கள் வரை ஏற்கிறது. அவற்றிலும் முதல் 10 சொற்களுக்கே தேடலில் அதிக மதிப்பு. ஷட்டர்ஸ்டாக் 7-க்குக் குறையாமலும் 50-க்கு மேற்படாமலும் கேட்கிறது. இத்தனை இடம் கிடைத்ததே என்று வாயில் வந்ததையெல்லாம் எழுதி நிரப்பும் ஆசையில்தான் முதல் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் ஒரு மூதாட்டி வாழைநாரில் மல்லிகை தொடுத்துக்கொண்டிருக்கும் படம் ஒன்று உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மல்லிகை, பூத்தொடுத்தல், வாழைநார், விரல்கள், சந்தை, மதுரை, தமிழ்நாடு, மூதாட்டி, கைத்தொழில் என்ற சொற்கள் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கின்றன. ஜாஸ்மினம் சம்பாக் என்ற தாவரவியல் பெயரையும் சேர்ப்பது நல்லது. பாடப்புத்தகம் அச்சிடுவோரும் வாசனைத் தைலம் விற்போரும் அந்தப் பெயரைக் கொண்டே தேடுவதுண்டு. இவ்வளவோடு நிறுத்தாமல், நெற்றியில் பொட்டில்லாததைக் கண்டு 'விதவை' என்றும், புடவை கசங்கியிருப்பதைக் கண்டு 'வறுமை' என்றும், முகம் களைத்திருப்பதைக் கண்டு 'நோயாளி' என்றும் ஊகத்தால் எழுதிச் சேர்த்துவிட்டால், அந்த அம்மாளைப் பற்றி மூன்று பொய்களை உலகச் சந்தையில் நிரந்தரமாகப் பதிவு செய்தவர் ஆகிறீர்கள். அவளுடைய கணவர் நாலு கடை தள்ளிப் பூ நிறுத்துக்கொண்டிருப்பவராக இருக்கலாம். எங்கோ இருக்கும் ஒரு விளம்பரக்காரர் 'நோயாளி' என்று தேடி அவளைக் கண்டெடுத்து, ஒரு மருந்து விளம்பரத்தில் அவள் முகத்தை அச்சிட்டால், அவதூறு என்று வழக்குத் தொடர அவளுக்கு இடமுண்டு. அந்தச் சொல்லை முதலில் எழுதியவர் யார் என்ற கேள்வியும் உங்களிடம் வந்து நிற்கக்கூடும்.

இது வெறும் கற்பனைப் பயமன்று. 2013-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநில அரசின் மனித உரிமைப் பிரிவு, எச்.ஐ.வி. தொற்றுடையவர்களுக்குள்ள உரிமைகளை விளக்கப் பத்திரிகைகளில் ஒரு விளம்பரம் வெளியிட்டது. 'நான் தொற்றுடையவள்' என்ற பொருள்பட அமைந்த வாசகத்தின் அருகே இருந்த பெண்ணுக்கு அத்தொற்று இல்லை. வேறொரு பத்திரிகைக் கட்டுரைக்காக முன்பு எடுக்கப்பட்ட படம் அது. மாடல் ரிலீஸ் எனப்படும் ஒப்புதல் பத்திரத்தில் அவர் கையெழுத்திட்டிருக்கவில்லை. ஆயினும் படம் கெட்டி இமேஜஸ் வழியே விலைக்குப் போயிருந்தது. அவர் தொடுத்த வழக்கை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்ய வேண்டும் என்ற கெட்டியின் வேண்டுகோளை 2014-இல் நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. நல்ல நோக்கத்தோடு ஓர் அரசாங்கமே வெளியிட்ட விளம்பரம் இப்படி ஒரு பெண்ணின் மானத்துக்கு ஹானியாக முடிந்ததற்குக் காரணம், இடையில் ஒரு காகிதம் இல்லாமற்போனதுதான்.

இப்போது சொற்களை இயந்திரமே ஊகித்துத் தரும் வசதியும் வந்திருக்கிறது. அது தரும் பட்டியலை அப்படியே ஏற்பவர், ஒருவருடைய ஜாதி, மதம், தேகநிலை பற்றி இயந்திரம் செய்த ஊகத்துக்கும் தம் பெயரையே ஜாமீனாகக் கொடுக்கிறார். சம்பந்தமில்லாத சொற்களைத் திணிப்பதையும், விளம்பர உபயோகத்துக்கான படங்களில் கம்பெனிப் பெயர்களைக் கீவேர்டாக எழுதுவதையும் ஸ்தாபனங்கள் தடை செய்திருக்கின்றன. மீறியவருடைய கணக்கே முடக்கப்படுவதும் உண்டு.

ஒப்புதல் பத்திரத்தைப் பற்றி நம்மவர்களிடையே ஓர் அலட்சியம் இருக்கிறது. பொது இடத்தில் எடுத்த படம்தானே, எடுத்தவனுக்கே சொந்தம்தானே என்பார்கள். படம் எடுத்தவருக்குச் சொந்தம் என்பது சரி. அதில் இருக்கும் முகம் அவருக்குச் சொந்தமில்லை. நக்கீரன் பத்திரிகை ஆசிரியர் ராஜகோபால் தமிழ்நாட்டு அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-இலேயே, ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறும் செயல் என்று எடுத்துக்காட்டியிருக்கிறது. 2017-இல் புட்டசாமி வழக்கில் அதே நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றே பிரகடனம் செய்தது. ஆகவே விளம்பரத்துக்குப் போகக்கூடிய படமானால், அடையாளம் தெரியும் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குவதே முறை. சிறுவர்களானால் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். பத்திரம் ஆங்கிலத்தில் இருக்குமானால், அதன் சாரத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, தமிழ்ப் பிரதி ஒன்றை அவர்களிடமே கொடுத்துவிட்டு வருவது நியாயம். எழுத்துத் தெரியாத ஒரு கிழவியிடம் பத்து ரூபாயைக் கொடுத்துக் கைநாட்டு வாங்கிக்கொண்டு வருவதைச் சம்மதம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

கையெழுத்து வாங்க இயலாத திருவிழாக் கூட்டம், அரசியல் ஊர்வலம் போன்றவற்றை 'எடிட்டோரியல்' என்ற பகுப்பில் அனுப்பலாம். அவை செய்திக்கும் கட்டுரைக்கும் மட்டுமே உரியவை. இடம், தேதி, நிகழ்ச்சி இவற்றை உள்ளபடி எழுத வேண்டும். படத்தில் எதையும் அழிக்கவோ சேர்க்கவோ கூடாது.

கட்டடங்களின் விஷயம் சற்று இலகுவானது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கட்டடக் கலைப் படைப்புகளையும், பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பங்களையும் படமெடுப்பதை மீறலாகக் கருதுவதில்லை. என்றாலும் மும்பையின் தாஜ்மஹால் பேலஸ் ஓட்டல் 2017-இல் தன் கட்டடத்தின் தோற்றத்தையே வணிகக் குறியாகப் பதிவு செய்திருக்கிறது. பாரிஸின் ஈபிள் கோபுரமோ பகலில் தடையற்றது, இரவில் அதன் விளக்கலங்காரத்துக்குத் தனி உரிமை கொண்டாடப்படுகிறது. நம் கோயில்களில் காமிராவுக்கும் கைப்பேசிக்கும் உள்ள கட்டுப்பாடு வேறு. அதை வாசலிலேயே கேட்டுக்கொள்வது உத்தமம்.

நம் ஊர் ஸ்டுடியோக்காரர்கள் பெரும்பாலும் அறியாதிருப்பது மற்றொன்று. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர். பொதுவாக அவரே முதல் உரிமையாளர். ஆனால் அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு, ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் சொன்ன படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவரையே முதல் உரிமையாளராக்குகிறது. முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போய் எடுத்த தாலிகட்டுப் படம் எவ்வளவு அழகாக அமைந்திருந்தாலும், ஆல்பம் கொடுத்தபின் அதை ஸ்டாக் சந்தைக்கு அனுப்ப ஸ்டுடியோவுக்கு அதிகாரமில்லை; மணமக்களின் முகத்துக்கான சம்மதம் ஒருபுறமிருக்க, படமே அவர்களுடையது. சம்பளத்துக்கு வேலை செய்பவர் அவ்வேலையின்போது எடுத்த படங்களும், வேறு உடன்படிக்கை இல்லாவிட்டால், முதலாளியையே சேரும். ஆர்டர் எடுக்கும்போதே ரசீதில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் இந்தச் சங்கடம் தீரும்.

இனி ஸ்தாபனங்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்துக்கு வருவோம். அடோபி ஸ்டாக் புகைப்படத்துக்கு விற்பனை வருவாயில் 33 சதவிகிதம் தருகிறது. ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனில் தன் முறையை மாற்றி, விற்பனை எண்ணிக்கைக்கேற்ப 15 முதல் 40 சதவிகிதம் வரை என்று வகுத்து, ஒவ்வொரு ஜனவரியிலும் எல்லோரையும் மறுபடி அடிப்படியில் கொண்டுவந்து நிறுத்துகிறது. சந்தா வாடிக்கையாளர் ஒரு படத்தை இறக்கினால் எடுத்தவருக்குப் பத்து சென்ட் மட்டும் கிடைப்பதும் இயல்பாகிவிட்டது. அமெரிக்க ஸ்தாபனங்கள் கேட்கும் டபிள்யூ-8பென் படிவத்தை நிரப்பாமல் விட்டால், அந்நாட்டில் விளைந்த வருமானத்தில் 30 சதவிகிதம் வரியாகப் பிடிக்கப்படும். நிரப்பினால் இந்தியாவுடனான வரி உடன்படிக்கையின் குறைந்த விகிதம் பொருந்தும்.

இதைவிட யோசிக்கத்தக்கது செயற்கை நுண்ணறிவு. அடோபி 2023 மார்ச்சில் வெளியிட்ட ஃபயர்ஃப்ளை, அடோபி ஸ்டாக்கின் படங்களைக் கொண்டும் பயிற்றுவிக்கப்பட்டது. ஷட்டர்ஸ்டாக் தன் படங்களை இத்தகைய பயிற்சிக்கு விற்பதோடு, அதற்கென ஒரு நிதி வைத்துப் பங்கு தருகிறது. வேண்டாதவர் கணக்கின் அமைப்புப் பக்கத்தில் விலகிக்கொள்ள இடமுண்டு. படத்தோடு நீங்கள் எழுதிய சொற்களும் இந்தப் பயிற்சிக்கு மிகவும் பிரயோஜனமானவை. பூச்சந்தை மூதாட்டி பல வருஷங்களுக்கு முன் இட்ட கையெழுத்து இந்த உபயோகத்தையும் மனத்தில் கொண்டு இடப்பட்டதா என்று கேட்டால், இல்லை என்றே சொல்ல வேண்டும். புதிதாக வாங்கும் பத்திரங்களிலாவது இதைத் தனியே எடுத்துச் சொல்லிச் சம்மதம் பெறுவது பிற்காலத்துக்கு நல்லது.

படம் திருடுபோனால் என்ன செய்வது? 2010 ஜனவரியில் ஹைத்தி நாட்டுப் பூகம்பத்தின்போது, டேனியல் மோரெல் என்ற புகைப்படக்காரர் தம் படங்களை இணையத்தில் போட்டார். வேறொருவர் அவற்றைத் தம்முடையவை என்று காட்ட, ஏ.எஃப்.பி. செய்தி ஸ்தாபனமும் கெட்டியும் உலகெங்கும் விநியோகித்தன. 2013-இல் நியூயார்க் ஜூரி அவருக்கு 12 லட்சம் டாலர் தரும்படி தீர்ப்பளித்தது. நமக்கு அத்தனை பெரிய தொகை கிட்டாமற் போகலாம். ஆனால் நம் சட்டத்திலும் வழி இருக்கிறது. காமிராவிலிருந்து வந்த ரா கோப்பை அழிக்காமல் வைத்திருப்பதும், கோப்பின் மெட்டாடேட்டாவில் பெயரையும் தேதியையும் பதிப்பதும் முதற்காரியம்; அந்த விவரங்களை வேண்டுமென்றே நீக்குவது பதிப்புரிமைச் சட்டத்தின் 65பி பிரிவின்படி இரண்டு வருஷம் வரை சிறைக்குரிய குற்றம். பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை, இருந்தால் சாட்சியமாக உதவும்.

கூகுள் லென்ஸ் போன்ற தேடலில் உங்கள் படம் எங்கோ அகப்பட்டதும் கோபத்தில் கடிதம் எழுதிவிடக் கூடாது. அதை உபயோகித்தவர் ஏஜென்சி மூலம் முறையாகவே உரிமம் வாங்கியிருக்கலாம். ஆதாரமின்றி மிரட்டுபவர்மேல் எதிர்வழக்குப் போட 60-ஆம் பிரிவு இடம் தருகிறது. 2015-இல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கரோல் ஹைஸ்மித், தாமே எடுத்து நாட்டு நூலகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்த படத்தைத் தம் வலைத்தளத்தில் போட்டதற்காக 120 டாலர் கேட்டு வந்த நோட்டீஸைப் பெற்ற வேடிக்கையும் நடந்திருக்கிறது.

திருட்டு என்று நிச்சயமானால், முதலில் அந்தப் பக்கத்தை முகவரியும் தேதியும் தெரியப் படம்பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு 2013-ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளின் 75-ஆம் விதிப்படி, படத்தைத் தாங்கி நிற்கும் தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தால், அது 36 மணி நேரத்துக்குள் அதை மறைக்க வேண்டும். அந்த மறைப்பு 21 நாள் நிற்கும், அதற்குள் நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவர வேண்டியது உங்கள் பொறுப்பு. தடையுத்தரவும் நஷ்டஈடும் ஆதாயக் கணக்கும் கோரி வழக்குப் போடச் சென்னைக்கோ டில்லிக்கோ அலைய வேண்டியதில்லை. 62-ஆம் பிரிவு நீங்கள் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்துக்கே அதிகாரம் அளிக்கிறது. தெரிந்தே செய்த மீறலுக்கு ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் 63-ஆம் பிரிவில் உண்டு. சிவில் வழக்குக்குக் கெடு மூன்று வருஷம். வக்கீலைப் பார்க்கப் போகும்போது ரா கோப்பு, ஏஜென்சியின் விற்பனைப் பட்டியல், தேதியோடு பிடித்த பக்கம், ஒப்புதல் பத்திரத்தின் நகல் ஆகிய நான்கையும் கையோடு கொண்டுபோனால், நோட்டீஸை அன்றைக்கே எழுதத் தொடங்கிவிடலாம்.