ஐயாயிரம் காலடிகள்

நம் கண்ணுக்குள் இரவு பகலாக ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. அழும்போது வழியும் கண்ணீர் வேறு. இது கருவிழிக்குப் பின்னாலுள்ள சின்னஞ்சிறு அறையை நிரப்பும் தெளிநீர். நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர் சுரக்கிறது. சுரந்த அளவே ஒரு சல்லடைத் திசுவின் வழியாக வடிந்து இரத்தத்தில் கலக்கிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குள் அந்த அறையின் நீர் முழுவதும் புதிதாகிவிடும். மடை தூர்ந்துபோனால் ஏரியில் நீர் ஏறுவதுபோல, இந்த வடிகால் அடைபட்டால் கண்ணில் அழுத்தம் கூடுகிறது.

அழுத்தத்தின் அடி விழுவது கண்ணின் பின்புறத்தில். ஏறத்தாழ 10 லட்சம் நரம்பு இழைகள் ஒன்றுசேர்ந்து, பார்வை நரம்பாக மூளைக்குப் புறப்படும் இடம் அது. அங்கே இழைகள் ஒவ்வொன்றாக நசிகின்றன. செத்த இழை மீண்டும் முளைப்பதில்லை. இதுதான் கண் நீர் அழுத்த நோய், கிளாக்கோமா. அழுத்தம் இயல்பாக இருந்தும் நரம்பு நலிகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் வலி இருக்காது. ஓரப் பார்வைதான் முதலில் தேயும். நேர்ப்பார்வை கடைசிவரை தாக்குப்பிடிப்பதால் பேப்பர் படிப்பதும் டிவி பார்ப்பதும் வழக்கம்போல நடக்கும். தென் தமிழகக் கிராமப்புறங்களில் 40 வயதைக் கடந்தவர்களிடம் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்திய ஆய்வு 2003-இல் வெளியானது. இந்நோயின் பரவலான வகை இருந்தவர்களில் 93 சதவீதம் பேருக்கு, தங்களுக்கு அது இருப்பதே அதுவரை தெரியாது.

அழுத்தத்தைக் குறைக்கச் சொட்டு மருந்து, லேசர், அறுவை சிகிச்சை இருக்கின்றன. நோயாளி தானாகச் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பிரதீப் ராமுலுவின் குழு இதை ஆராய்ந்தது. கிளாக்கோமா உள்ளவர்கள், இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் என 141 பேர் ஒரு வாரம் அசைவுமானியை அணிந்து நடமாடினார்கள். அவர்களுடைய பார்வைப் பரப்பு பரிசோதனை முடிவுகளோடு, நோயாளிகள் 'ஃபீல்டு டெஸ்ட்' என்பார்களே அதனோடு, இந்த அசைவுக் கணக்கு ஒப்பிடப்பட்டது. நாளுக்கு 5,000 காலடிகள் கூடுதலாக நடந்தவர்களிடம் பார்வை இழப்பின் வேகம் சுமார் 10 சதவீதம் குறைவாக இருந்தது. 2019-இல் வெளியான முடிவு இது. பத்து சதவீதம் சிறிதாகத் தோன்றலாம். இருபது, முப்பது ஆண்டுகள் நீளும் நோயில் அது அற்பமல்ல.

நடந்ததால் கண் தப்பியதா, கண் நன்றாக இருந்ததால் நடக்க முடிந்ததா? இந்த ஆய்வு மட்டும் அதைத் தீர்த்துவிடாது. ஆனாலும் நடை கண்ணைக் காக்கக்கூடும் என்று நம்ப இடமிருக்கிறது. வேகமாக நடந்தால் கண்ணின் அழுத்தம் சிறிது நேரத்துக்காவது இறங்குகிறது. மெல்போர்னில் வயது முதிர்ந்த சுண்டெலிகளை வாரக்கணக்கில் நீந்தவிட்டுப் பின்பு கண்ணில் அழுத்தத்தை ஏற்றினார்கள். நீந்தாத எலிகளைவிட அவற்றின் விழித்திரை நரம்பணுக்கள் பாதிப்பைத் தாங்கி நின்றன. கால்தசை உழைக்க, அதன் பலன் விழித்திரைவரை போய்ச் சேர்வது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

எல்லா உடற்பயிற்சியும் நடையைப் போன்றதல்ல. சிரசாசனத்தில் நிற்கும்போது கண்ணழுத்தம் இரண்டு மடங்காகிறது என்று சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் 2006-இல் காட்டினார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்கினாலும் அழுத்தம் ஏறும்.

வேதனை என்னவென்றால், இந்நோய் பறிப்பதும் நடையைத்தான். கீழ்ப்புறப் பார்வை தேய்ந்தவருக்குப் படியின் விளிம்பும், தெருவோரம் படுத்திருக்கும் நாயும் தெரியாது. ஒருமுறை இடறியவர் வெளியே போகத் தயங்குகிறார். "உங்களுக்கு எதுக்குப்பா வெளிய போற வேலை, பேசாம வீட்டுல உக்காருங்க" என்று பிள்ளைகளும் அக்கறையோடுதான் தடுக்கிறார்கள். அந்த அக்கறை வேறு மாதிரி இருக்கலாம்: வெளிச்சம் இருக்கும்போதே கூட ஒருவர் போகலாம், படி விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் பட்டை ஒட்டலாம், தலையை இருபுறமும் திருப்பிப் பார்த்து நடக்கப் பழக்கலாம்.

அப்படியானால் சொட்டு மருந்தை விட்டுவிடலாமா என்றால், கூடவே கூடாது. அந்த 141 பேரும் கண் மருத்துவமனையின் கவனிப்பில் இருந்தவர்கள். நடையின் பலன் தெரிந்தது அந்தக் கவனிப்புக்கு மேல்தான்.