படைவீரர் வீட்டுப் பிள்ளைகள்: மனம் தளர்வது ஏன்?

இந்தியத் தரைப்படை வீரர் எல்லைப் பணிக்குப் போகும்போது குடும்பம் பெரும்பாலும் உடன் செல்ல முடியாது. அமைதிப் பகுதிகளில் சேர்ந்து வாழலாம். சில ஆண்டுகளில் மீண்டும் இடமாற்றம் வந்துவிடும்.

அப்பாவுக்கு ஆபத்து எப்போது நீங்கும் என்று தெரியாத கவலை நீடித்தால், கார்டிசால் என்னும் ஹார்மோன் சுரக்கும் ஒழுங்கு குலைந்து, தூக்கமும் கவனமும் கெடலாம். சிறு குழந்தை அதை அழுகையிலும் அடத்திலும் காட்டிவிடும். வளரிளம் பருவத்தினர் பலர் காட்டுவதில்லை. வீட்டுப் பொறுப்பைச் சுமந்துகொண்டு மௌனமாகிவிடுவார்கள். அந்த மௌனத்தைப் பக்குவம் என்று பாராட்டுவது பெருந்தவறு. பிரிவு நீள நீளப் பிள்ளைகளின் சிரமம் கூடுவதையும், வீட்டில் இருக்கும் பெற்றோரின் மனநலம் அதில் பெரும்பங்கு வகிப்பதையும் அமெரிக்கப் படைக்குடும்பங்களிடம் நடந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே உதவி முதலில் வீட்டில் இருக்கும் தாய்க்குச் சேர வேண்டும்.

அப்பா திரும்பும் நாளும் எளிதல்ல. அவர் இல்லாமல் பழகிய வீடு மறுபடி ஒழுங்குபட நாளாகும்.

பள்ளி மாறும் சிக்கலுக்கு 1963-ல் நல்ல விடை கிடைத்தது. படைப்பிரிவுப் பள்ளிகள் 20-ஐ ஏற்றுத் தொடங்கியவையே இன்றைய கேந்திரிய வித்யாலயாக்கள். ஊர் மாறினாலும் பாடத்திட்டம் மாறாது. நண்பர்களைத்தான் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேட வேண்டும். வகுப்பாசிரியர்கள் முதல் வாரத்திலேயே புதிதாக வந்த பிள்ளைக்கு ஒரு துணையைச் சேர்த்துவிட வேண்டும்.