ஒரு குடம் கடல்நீர்... குடிநீராக மாற என்ன செலவு?

சர்க்கரை ஆலை ஊரான நெல்லிக்குப்பத்திலிருந்து பண்ருட்டி வந்து, நெய்வேலி சாலையில் திரும்பினால் முதலில் காடாம்புலியூர், அடுத்து வடக்குத்து. சென்னைக்காரர்கள் பலர் கேள்விப்பட்டிராத ஊர்கள். ஆனால், 2004 முதல் சென்னைக்குப் போகும் வீராணம் தண்ணீர் வடக்குத்தில்தான் சுத்திகரிக்கப்படுகிறது. பிறகு காடாம்புலியூருக்கு ஏற்றப்பட்டு, அங்கிருந்து சுமார் 200 கி.மீ. தூரம் மோட்டார் இல்லாமல் தானாகவே இறங்கி போரூருக்குப் போய்ச் சேருகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுசெல்லும் திட்டம் இது. ஏரி வற்றும் வருடங்களில், இந்தப் பகுதியின் நிலத்தடி நீரும் ஆழ்துளைக் கிணறுகள் வழியாக அதே குழாயில் ஏறும்.

வாசலிலேயே கடலை வைத்திருக்கும் சென்னைக்கு, எங்கள் ஊர்த் தண்ணீர் எதற்கு? இந்தப் பக்கத்து விவசாயிக்கு இப்படித் தோன்றினால் அது நியாயம்தான். சென்னை கடலையும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால், அதன் பில் கொஞ்சம் வேறு மாதிரி.

மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் முதல் பெரிய ஆலை 2010 ஜூலையில் திறக்கப்பட்டது. தினமும் 10 கோடி லிட்டர் திறன். தனியார் நிறுவனம் கட்டி நடத்தும். குடிநீர் வாரியம் தண்ணீரை விலைக்கு வாங்கும். தொடக்கத்தில் பேசிய விலை ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு. 15 லிட்டர் குடத்துக்குக் கணக்குப் போட்டால் 73 காசுதான். கடையில் வாங்கும் 20 லிட்டர் கேனோடு ஒப்பிட்டால் கொள்ளை மலிவு. ஆனால், ஏரித் தண்ணீரோடு ஒப்பிட்டால் விலை அதிகம்.

எங்கே போகிறது இந்தப் பணம்?

பெரும்பகுதி மின்சாரத்துக்கு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அதைப் பிரிக்க, மெல்லிய சவ்வின் வழியாகத் தண்ணீரை அழுத்தித் தள்ள வேண்டும். வீட்டு சமையலறையில் இருக்கும் ஆர்.ஓ. மெஷினில் நடப்பதும் இதுதான். ஆனால், கடல்நீருக்குத் தேவைப்படும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல 25 மடங்குக்கும் மேல்! இந்தச் சவ்வுத் தொழில்நுட்பத்தை 1960 வாக்கில் நடைமுறைக்குக் கொண்டுவந்த இருவரில் ஒருவர் நம்மவர். அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப்புடன் பணியாற்றிய, இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன்.

இன்றைய நல்ல ஆலை ஒன்று ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் எடுக்கும். ஒரு குடத்துக்கு ஆகும் மின்சாரத்தில் 9 வாட் எல்.இ.டி. பல்பை ஐந்தாறு மணி நேரம் எரியவிடலாம். வெளியேறும் உப்புநீரில் மிச்சமிருக்கும் அழுத்தத்தைப் பிடித்து, உள்ளே வரும் கடல்நீருக்கே கொடுத்துவிடும் கருவிகள் வந்த பிறகுதான் செலவு இந்த அளவுக்கு இறங்கியது. இதற்குமேல் அதிகம் இறங்காது. கடல்நீரில் பாதியைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்குக் குறைந்தது ஒரு யூனிட்டாவது வேண்டும் என்பது இயற்பியல் விதி. அதில் பேரம் பேச முடியாது.

காகிதத்தில் இருக்கும் திறன் தினமும் கிடைத்துவிடாது என்பது இன்னொரு விஷயம். புயல் அடித்துக் கடல் கலங்கினால் சேறும் பாசியும் சவ்வை அடைக்கும். உற்பத்தியைக் குறைத்துவிட்டுக் கழுவ வேண்டும். சில வருடங்களில் சவ்வையே மாற்ற வேண்டும். எடுக்கும் கடல்நீரில் 40, 45 சதவிகிதம்தான் குடிநீராகும். மீதி, ஒன்றே முக்கால் மடங்கு உப்போடு கடலுக்கே திரும்பும். நெம்மேலியில் 2013-ல் இரண்டாவது ஆலை வந்த பிறகு கரை அரிக்கப்படுகிறது என்று பக்கத்து சூலேரிக்காட்டுக்குப்பம் மீனவர்கள் புகார் சொன்னார்கள். அந்த இழப்பு 48 ரூபாய்க் கணக்கில் எங்கும் சேர்வதில்லை.

மழை பெய்தால் இன்னொரு தலைவலி. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரம் வறட்சிக்குப் பயந்து பிரமாண்ட ஆலை கட்டியது. 2012-ல் அது தயாரானபோது அணைகளில் தண்ணீர் இருந்தது. 2017 வரை ஒரு சொட்டும் வாங்கவில்லை. ஆனாலும் ஆலைக்குப் பணம் கட்டினார்கள்.

அப்படியானால் வீண் செலவா? 2019 கோடையைச் சென்னையில் கழித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த கோடை அது. நகரத்துக்கே தினமும் 52.5 கோடி லிட்டர்தான் கிடைத்தபோது, இந்த இரண்டு ஆலைகளின் திறன் மட்டும் 20 கோடி. மழையை எதிர்பார்க்காத தண்ணீர் அது ஒன்றுதான். குழாயில் காற்று மட்டும் வரும் நாளில் குடத்துக்கு 73 காசு பெரிதாகத் தெரியாது.

அதனால்தான் ஆலைகள் பெருகுகின்றன. நெம்மேலியிலேயே 15 கோடி லிட்டர் ஆலை ஒன்று 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பேரூரில் 4,276 கோடி ரூபாய்த் திட்டத்தில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. நான்கும் முழுத்திறனில் ஓடினால் தினமும் 75 கோடி லிட்டர். மின்சாரமோ சுமார் 26 லட்சம் யூனிட்! நெய்வேலி புதிய அனல்மின் நிலையத்தின் 500 மெகாவாட் யூனிட் ஒன்று முழு வேகத்தில் ஓடும்போது தருவதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம்.

அந்த மின்சாரம் எல்லாம் நெய்வேலியிலிருந்தே போகும் என்பதில்லை. சூரிய ஒளி, காற்றாலை மின்சாரமும் சேரும். ஆனால், பழுப்பு நிலக்கரியை எரித்துக் கிடைக்கும் மின்சாரமும் அதில் உண்டு. அந்த நிலக்கரியை வெட்ட, சுரங்கத்துக்கு அடியில் முட்டிக்கொண்டு நிற்கும் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்தாக வேண்டும். வறட்சிக் காலங்களில் அந்தச் சுரங்க நீரும் வீராணம் குழாயில் ஏறிச் சென்னைக்குப் போயிருக்கிறது.